பூ விரிந்த நேரத்தில் அடித்த மருந்து

மகனே, இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உன் கையிலேயே தந்திருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே குசினியில்தான் சாப்பிடுகிறோம். தரவில்லை. நம் தோட்டத்து வாசிகசாலை மாதம் ஒருமுறை போடும் இதழுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய், பத்து வருடமாக இந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஊர் முன்னால் சொன்னதை உன் காதோடு மட்டும் திருத்தினால் அது திருத்தமாகாது. படிக்கும்போது உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு இருக்கப்போகும் வெட்கத்தில் அது கால்வாசிகூட வராது.

உனக்குப் பத்தொன்பது, எனக்கு முப்பத்தொன்பது. பூண்டுலோயா பஸ்ஸில் நம்மைப் பார்ப்பவர்கள் அண்ணன் தம்பி என்று நினைக்கிறார்கள். அதனால் நரைத்த தலை சொல்லும் உபதேசம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதே. நான் விவசாய டிப்ளோமா படித்தவன், இந்தத் தோட்டத்துக் கண்டாக்கு. காலைப் பெரட்டில் நின்று யாருக்கு எந்த மலை, யாருக்குக் கொழுந்து, யாருக்கு மருந்தடி என்று வேலை பிரித்துக் கொடுப்பவன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை கிடையாது. உனக்கும் கிடையாது, அது என்னிடமிருந்து வந்தது. பொய்யும் என்னிடமிருந்து வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ நுவரெலியாவில் பயிற்சி முடித்து, பூச்சி மருந்துக் கம்பெனி கொடுத்த தொப்பியும் பையுமாக வந்து இறங்கினாய். உன் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நீ பையிலிருந்து போத்தல்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாய். கடை வைத்தவன் மாதிரி ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நம் ஆட்களுக்கு மருந்தை விற்க முதல் கூட்டம் என்றாய். "நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்பா. கண்டாக்கையா சொன்னா அப்புறம் எவன் கேள்வி கேக்கப் போறான்?" நான் ஒரு போத்தலை எடுத்து லேபிளைப் பார்த்தேன். பூப்பூத்திருக்கும்போது அடிக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் இருந்தது. "இதைக் கூட்டத்துல சொல்லுவியா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. "ஒம்பது வயசுலேயே நாலு பெட்டித் தேனீயக் கொன்னவன் நானு. இந்த வேலைக்கு என்னைய விடப் பொருத்தமான ஆளு கெடைக்குமாப்பா?" சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் அம்மா கையிலிருந்த மாவைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். ரொட்டி கருகியது. நீ அடுப்பை அணைத்துவிட்டு, "அம்மாவுக்கு என்னாச்சு?" என்றாய். நான் ஒன்றும் ஆகவில்லை என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன கடைசிப் பொய் அது.

அந்த நாலு பெட்டியும் உன் அம்மாவுடையவை. நம் குவாட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்கும் சரிவில் வைத்திருந்தாள். பெட்டித் தேனீ, சின்னது, சாது. மரத்தில் தொங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களை விரட்டுகிறதே, நம் ஆட்கள் குளவி என்று சொல்லும் பெரிய இனம், அதுவல்ல. சரிவில் நம் தொழிலாளிகள் பூசணி போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், தேயிலை கிழடுதட்டிப் பிடுங்கிய இடத்தில், தோட்ட நிர்வாகம் பீன்ஸ் போட்டிருந்தது. பெட்டிகள் வந்தபின் பூசணி காய்த்த காய்ப்பை நீ பார்த்திருக்கிறாய். பக்கத்து லயத்துத் தெய்வானை ஒரு காயைத் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, "இந்தாங்க, உங்க வீட்டு ஈ போட்ட புள்ள" என்று உன் அம்மாவிடம் சொல்வாள். சரியான விஞ்ஞானம். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மகரந்தத்தை யாராவது சுமக்க வேண்டும். காலையில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும் பூ அது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஈ வராவிட்டால், பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் இருக்கும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும்.

அந்த வருடம் பெட்டிகள் ஏற்கெனவே நலிந்திருந்தன. இதைக் கவனமாகப் படி, உன் தொழிலுக்கு இது வேண்டும். முந்தைய வருடம் மேல் மலையில் இருந்த டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் மரங்களை விறகுக்கு வெட்டி முடித்திருந்தார்கள். அந்தப் பூ இல்லாமல் போனது முதல் அடி. தேயிலை வரிசைகளுக்கு நடுவே முளைக்கும் களையை மருந்தடித்துக் கருக்கினோம். உனக்கும் எனக்கும் அது களை, ஈக்கு அது சோறு. அது இரண்டாவது அடி. பிறகு மூன்று வாரம் மழை இல்லை. வெயிலில் பெட்டி கொதித்தால் ஈக்கள் வாசலில் நின்று இறக்கையால் விசிறும், தண்ணீர் சுமந்து வந்து உள்ளே தெளிக்கும். தேன் தேட வேண்டிய ஈ தண்ணீர்க் கூலியாகிவிடும். அந்தத் தண்ணீரை எங்கே எடுத்தன தெரியுமா? மருந்து டாங்கி கழுவுகிற பீலிக் குழாயடியில். இத்தனையும் தாங்கிக்கொண்டுதான் அவை உயிரோடு இருந்தன. ஒவ்வொரு அடியும் தனியாகக் கொல்லாது. அடுத்த அடிக்குத் தாங்காமல் ஆக்கும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு புதன்கிழமை பின்னேரம் தூறல் போட்டது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஈயெல்லாம் மழைக்கு என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினாய். ஒரே பெட்டி, இரண்டு நிமிடம். உன் அம்மா கத்தியதும் மூடிவிட்டாய். நீ செய்த குற்றம் முழுவதும் அவ்வளவுதான். அதைவிட மோசமான மழையில் நான் பெட்டி திறந்திருக்கிறேன். நலிந்த கூட்டமும் அந்தக் குளிரை ஒரு மணி நேரத்தில் சரிப்படுத்திவிடும்.

மறுநாள் வியாழன். வெள்ளிக்கிழமை தோட்டத்தை நடத்தும் தொர வெளியாட்களோடு பீன்ஸ் பார்க்க வருகிறார் என்று தகவல். நான் அப்போது தற்காலிகக் கண்டாக்கு. நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த மாதம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். பீன்ஸில் அசுவினிப் பூச்சி. பெரட்டில் முத்தையாவையும் இன்னொருவரையும் மருந்தடிக்குப் போட்டேன். முத்தையா இருபது வருடம் டாங்கி சுமந்தவர். அவர் தயங்கி நின்றார். "ஐயா, பூவா நிக்குது. சாயந்தரமா அடிச்சுறலாமே." நான் அவரைப் பார்க்காமலே அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா வாசலில் நின்றாள். "ஏங்க, தூறலுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஈயெல்லாம் வெளிய போயிருக்கு. பூசணியும் விரிஞ்சிருக்கு. ரெண்டு மணிக்கு மேல அடிக்கச் சொல்லுங்களேன்." நான் கேட்டேன், "நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

நான்தான் படித்தேன். பரீட்சையில் இதே கேள்வி வந்தது. மகரந்தம் சுமக்கும் பூச்சிகளைக் காக்க மருந்தை எப்போது தெளிக்க வேண்டும்? பூ சுருங்கி, ஈ கூடு திரும்பிய பிறகு, மாலையில். எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான். ஆனால் பெரட்டில் போட்ட ஆள் இரண்டு மணிக்கு வேலை முடித்து வீட்டுக்குப் போய்விடுவான். பின்னேரம் நிறுத்த வேண்டுமானால் மேலதிக வேலைக்குத் தொரையிடம் போய்க் கேட்க வேண்டும். நிரந்தரமாகாதவன் கேட்டால் ஆள் நிர்வகிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குக் கூச்சம். நம் தோட்டங்களில் மருந்தடிப்பதைப் பூவும் ஈயும் வானமும் தீர்மானிப்பதில்லை, பெரட்டு தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே எட்டு மணிக்கு அடிக்க விட்டேன். காற்று பீன்ஸிலிருந்து பூசணிப் பக்கம் வீசியது. அதையும் பார்த்தேன்.

நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பத்து மணிக்கு ஈக்கள் திரும்பின. வாசல் பலகையில் இறங்கி உள்ளே போகத் தெரியாமல் வட்டமடித்தன. காவல் ஈக்கள் அவற்றை அந்நியர் என்று நினைத்துக் கடித்து இழுத்துப்போட்டன. நாக்கு வெளியே தொங்க, கால் நடுங்க, புல்லில் ஊர்ந்தன. வழி மறந்து வராமலே போனவை இன்னும் அதிகம். சாயந்தரம் உன் அம்மா விளக்குமாற்றால் கூட்டினாள், ஒரு முறம் நிறைந்தது. கூட்டம் அன்றே சாகவில்லை, அதுதான் கொடுமை. வெளியே போகும் ஈ செத்துவிட்டால், உள்ளே குஞ்சு வளர்க்க வேண்டிய இளம் ஈ வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் போகும். பழகாத வேலை, அதனால் அதுவும் சீக்கிரம் சாகும். பிறகு அதைவிட இளையது போகும். உள்ளே குஞ்சுகளைச் சூடாக வைக்க ஆளில்லை, சோறூட்ட ஆளில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற லயத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் மெழுகுப் புழு ஏறி, நாலு பெட்டியும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை தொர வந்தார். பீன்ஸ் சுத்தமாக இருந்தது. திரும்பும்போது நம் வாசலில் நின்றார். நீ அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாய். ஒரு கை நிறையச் செத்த ஈக்களை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாய். "என்ன கண்டாக்கு, தேனீ எல்லாம் சாகுதாமே. நேத்து அடிச்ச மருந்தா?" என்று கேட்டார். முத்தையா பின்னால் நின்றார். உன் அம்மா கதவருகில் நின்றாள். நான், "இல்ல சேர். பையன் மழையில பெட்டியத் தொறந்துட்டான். குளிர்பட்டா முட்டை, புழு எல்லாம் செத்துரும், கூட்டமே கலைஞ்சுரும்" என்றேன். பொய்யைத் தொழில்நுட்பத்தோடு சொன்னேன், அதனால் அது நின்றது. தொர உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "ஆமா சேர், நாந்தான் தொறந்தேன்" என்றாய். ஒன்பது வயதில் நீ உண்மையைச் சொன்னாய். அந்த உண்மையை வைத்து என் பொய்க்கு முட்டுக்கொடுத்தேன். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். நாம் இன்றுவரை சாப்பிடுவது அதில்தான்.

அந்தப் போகம் சரிவில் பூசணி காய்க்கவில்லை, பிஞ்சாகவே விழுந்தது. லயத்தில் உனக்குப் பெயர் வைத்தார்கள், பெட்டி தொறந்தான். "டேய் பெட்டி தொறந்தவனே, எங்க வீட்டுச் சோத்துப் பானையத் தொறந்துறாதடா, வெந்த சோறு செத்துரும்" என்று தெய்வானை சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அங்கே நின்று சிரித்திருக்கிறேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். அடுத்த போகத்தில், "நீதானே கெடுத்தே, நீயே செய்" என்று சொல்லி, காலை ஆறரைக்கு உன்னைச் சரிவில் இறக்கினேன். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, தண்டை மட்டும் பிடித்துப் பெண் பூவுக்குள் தேய்க்க வேண்டும். ஈ செய்கிற வேலை. பனியில் உன் விரல் விறைத்துப்போகும். நம் வீட்டுக்கு மட்டுமல்ல, கேட்டவர்கள் எல்லாருடைய கொடிக்கும் செய்தாய், மூன்று வருடம். மஞ்சள் விரலோடு பள்ளிக்கூடம் போவாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த உன் விஞ்ஞான ஆசிரியர் ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தினார். "உங்கட பெடியன் நல்லாப் படிக்கிறான். ஆனா தேனீ பாடம் எடுத்தா மட்டும் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறான். ஏன் எண்டு விளங்கேல்ல." எனக்கு விளங்கியது. தெரியாது சேர் என்றேன்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தொர போன பிறகு அவள் கேட்டாள், "புள்ள மேல போட்டுட்டீங்களே." நான், "என் வேலை போனா நாம மூணு பேரும் எந்த லயத்துல போய் ஒண்டுறது? சின்னப் பயதானே, மறந்துருவான்" என்றேன். அவள் வாயை மூடியது நான்தான், பசியைக் காட்டி மூடினேன். அந்த மூன்று வருடமும் காலையில் அவளும் உன்னோடு சரிவுக்கு இறங்கினாளே, பூசணிக்காக என்று நினைத்தாயா? பூசணிச் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அதற்குப் பிறகு யாரோ இலவசமாகத் தந்த பெட்டியையும் அவள் வேண்டாம் என்றாள். உன்னிடம் அவள் எதையும் சொல்லாததற்கு அவளைக் கேட்காதே. என்னைக் கேள்.

இனி உன் வேலை. நீ கெட்டிக்காரன்தான், அதைவிடச் சிரிக்கத் தெரிந்தவன். கம்பெனிக்கு உன் மூளை வேண்டாம், அந்தச் சிரிப்புத்தான் வேண்டும். லேபிளை நீ இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படித்திருந்தால் அன்று மேசையில் பூஞ்சண மருந்தையும் பூச்சி மருந்தையும் காட்டி, "ரெண்டையும் ஒரே டாங்கியில கலந்துறலாம்பா, ஒரு நடை மிச்சம்" என்று சொல்லியிருக்க மாட்டாய். சில மருந்துகள் கலந்தால் ஈயின் மேல் பல மடங்காக இறங்கும். உன்னிடம் வாங்குகிறவன் அதைக் கேட்கமாட்டான். அவனுக்குக் காய் விழக் கூடாது, அவ்வளவுதான். காய் பிடிக்கவே ஈ வேண்டும் என்று அவனுக்கு நினைவூட்ட அந்த மண்டபத்தில் உன்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். மருந்தே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. நாளைக்கும் பெரட்டில் மருந்தடிக்கு ஆள் போடுவேன். எதை, எப்போது, எந்தக் காற்றில் என்பதைத் தெரிந்துகொண்டே மறைப்பதைத்தான் சொல்கிறேன். தெரியாதவன் செய்தால் முட்டாள்தனம். நான் தெரிந்து செய்தேன். நீயும் இதைப் படித்து முடித்ததும் தெரிந்தவன் ஆகிவிடுவாய். அதற்காகத்தான் இத்தனை விவரம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. பத்து வருடத்தை அப்படிச் சுலபமாகக் கழுவிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கோபப்படு. இரண்டு மாதம் என்னோடு பேசாதே. உன் அம்மாவோடு மட்டும் பேசு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு வருவேன். முத்தையாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவருக்கு இப்போது நெஞ்சில் சளி கட்டி நடக்க நேரமாகும், அதனால் கொஞ்சம் பிந்தலாம். தெய்வானை வருவாள், எல்லாரும் வருவார்கள். அதற்குள் இந்த இதழ் எல்லார் கைக்கும் போயிருக்கும். நீ என்னைப் பேசக் கூப்பிட்டால், பூ விரிந்த நேரத்தில் எட்டு மணிக்கு மருந்தடிக்க ஆள் போட்டவன் நான் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். கூப்பிடாவிட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூவைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பேன். வேறு எதையும் கேட்கமாட்டேன். பெட்டி தொறந்தான் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்பேன், அது இனி என் பெயர்.

நாலு பெட்டியைக் கொன்றது நீயில்லை. அந்த ஒன்பது வயதுப் பையனை நான் இன்றோடு அந்தப் பழியிலிருந்து விடுவித்துவிட்டேன். இனிமேல் அவனைச் சாக்குச் சொல்லி நீ எந்தப் போத்தலையும் விற்க முடியாது.

அப்பா